குளிர்நிலத்துப் பரல்மண்: பிக் ஹோல் பள்ளத்தாக்கின் வரலாறு

உழுது விதைக்கும் நிலத்தையே நல்ல நிலமென்று கொண்டு பழகிய கண்ணுக்கு, ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திலே பிக் ஹோல் ஆற்றின் கரைநிலம் ஏமாற்றமளிப்பதொன்றாகும். மேற்பார்வைக்கு அது பசும்புல் விரித்த பெருவெளி. மண்வெட்டியால் அகழ்ந்து பார்த்தாலோ, ஒரு சாண், சில இடங்களில் ஒரு முழம், கரிய மண் வரும். அதன்கீழ் மண்வெட்டியின் வாய் மழுங்கும்படி கல்லோடு இரும்பு உரசும் ஓசைதான் கேட்கும். பரலும் கூழாங்கல்லும் இடையிடையே மணலுமாக அந்த அடுக்குக் கீழே சென்றுகொண்டேயிருக்கும். இங்கே கோதுமை முற்றுவதில்லை, சோளம் கதிர்விடுவதில்லை. ஆயினும் இந்நிலத்தை நாடி மக்கள் நெடுவழி நடந்து வந்திருக்கின்றனர். இதன்மேற் குருதி சிந்தியிருக்கின்றனர். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாக ஒரே தொழிலைச் செய்து இதிலே நிலைத்துமிருக்கின்றனர். அந்தத் தொழில் எதுவென்பதைப் பெரும்பாலும் இப்பரல்மண்ணே முடிவுசெய்தது.

பிக் ஹோல் என்ற பெயரே வேடிக்கையானது. பெருங்குழி என்பது அதன் பொருள். பொறிவைத்து விலங்கு பிடித்துத் திரிந்த பழைய வேட்டைக்காரர், மலைகள் சுற்றிவர நிற்க நடுவே கிடக்கும் பரந்த பள்ளத்தாக்கைக் குழி என்றே வழங்கினர். இக்குழிக்கு மேற்கிலும் தெற்கிலும் பீவர்ஹெட் மலைகள். அவற்றின் முடியே கண்டத்தின் நீரை இரண்டு சமுத்திரங்களுக்குப் பிரித்துவிடும் வரம்பு. கிழக்கே பயனியர் மலைகள். வடக்கே அனக்கொண்டா மலைகள். குழியின் அடித்தளமே கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆறு முதலில் வடக்கு நோக்கி ஓடி, பயனியர் மலைகளைச் சுற்றி வளைந்து, ஏறக்குறைய 150 மைல் சென்றபின் பீவர்ஹெட் ஆற்றோடு கூடி ஜெபர்சன் ஆறாகின்றது. அந்நீர் பின்னர் மிசூரியோடு செல்கின்றது.

இப்பரல் எங்கிருந்து வந்தது? பனிக்கட்டிக் காலத்திலே, சுற்றிலுமுள்ள மலைகளின் பள்ளங்களைப் பனியாறுகள் நிறைத்திருந்தன. அவை மலையுடலைச் சுரண்டிக் கல்லாகவும் பொடியாகவும் சுமந்து வந்தன. பனி உருகத் தொடங்கியபோது, உருகுநீர் அச்சுமையை வாங்கிக் குழியின் அடித்தளத்திலே பரப்பிவிட்டது. விரைந்தோடும் நீர் கல்லை இட்டுவிட்டு, நுண்ணிய சேற்றைத் தன்னோடு கொண்டுபோகும் இயல்புடையது. ஆதலாலேதான் அங்கே களிமண் சிறுத்தும் கல் மிகுத்தும் கிடக்கின்றன. கற்களிலும் இருவகையுண்டு. குவாட்சைற்றுக் கல் ஆற்றிலே உருண்டு உருண்டு முட்டைவடிவம் பெறுமேயன்றி எளிதில் உடையாது. கருங்கல்லோ காலப்போக்கில் உதிர்ந்து பருமணலாகும். பின்வந்த ஆண்டுகளிலே, இளவேனில்தோறும் கரைபுரண்ட ஆறு, அக்கல்லடுக்கின்மேல் மெல்லிய வண்டற் போர்வையொன்றைச் சிறிது சிறிதாகப் போர்த்தது. அப்போர்வையே புல்லுக்கு உயிர்.

இம்மண்ணின் குணம் விளங்கவேண்டுமாயின் அதன் ஆண்டொன்றைப் பின்தொடர்ந்து பார்த்தல் வேண்டும். மே, யூன் மாதங்களிலே மலைப்பனி உருக, ஆறு பெருகும். பரலடுக்குக்குள்ளே நீர்மட்டம் ஏறிப் புல்வேரைத் தொடும். நிலம் சதுப்பாகிக் கால்வைத்தால் நீர் கசியும். ஓகஸ்ட் மாதத்திலோ அதே நிலம் நாவறண்டு நிற்கும். பரலுக்கு நீரைக் கடத்தும் ஆற்றல் மிகுதி; தாங்கி வைக்கும் ஆற்றல் சொற்பம். ஆற்றின் மட்டம் தாழ்ந்தவுடன் கல்லிடுக்குகளில் நின்ற நீரும் உடன்தாழும். இவ்வாறு ஆண்டுதோறும் நனைந்தும் காய்ந்தும் வரும் மண்ணை வெட்டிப் பார்த்தால், சாம்பல்நிறத்தின் நடுவே துருநிறப் புள்ளிகள் காணப்படும். காற்றுப் புகாது நீர்நின்ற காலத்திலே இரும்பு கரைந்து நகர்ந்ததையும், காற்றுப் புகுந்த காலத்திலே அது மீண்டும் துருவேறியதையும் அப்புள்ளிகள் காட்டும். நீர் எதுவரை ஏறியது என்பதை வறண்ட கோடையிலும் அவற்றைக்கொண்டு கூறிவிடலாம்.

மற்றொரு குணம் குளிர். அங்கே உறைபனி விழாத மாதமென்று எதனையும் உறுதியாகக் கூறவியலாது. மாரியிலே வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டி இறங்கியதுண்டு. சுற்றியுள்ள மலைகளிலிருந்து கனத்த குளிர்காற்று வழிந்து இக்குழியின் அடியிலே தேங்குவது அதற்கொரு காரணம். இத்தகைய நிலத்திலே, செத்த புல்லும் வேரும் விரைவில் உக்குவதில்லை. மண்ணுக்குள்ளே கருமையாகச் சேர்ந்துகொண்டேயிருக்கும். ஆதலின் மேல்மண் கரியது, மென்மையானது, வளமானது. ஆனால் அவ்வளம் பூட்டிவைத்த பெட்டியிலுள்ள பொன்போன்றது. மண் சூடேறும் சில வாரங்களுக்கு மட்டுமே பெட்டி திறக்கும். அச்சில வாரங்களுக்குள் விரைந்து வளரவல்ல பயிர் அங்கே ஒன்றே உண்டு. அது புல்.

இவ்வுண்மையை முதலில் அறிந்தவர்கள் பழங்குடி மக்கள். ஈரமான அப்புல்வெளிகளிலே கமாஸ் என்னும் நீலப்பூச் செடி வளரும். அதன் கிழங்கு அவர்களுக்குச் சிறந்த உணவு. கோடைதோறும் வந்து கிழங்கு அகழ்ந்து, குதிரைகளை மேயவிட்டு, குளிர் வருமுன் அகன்றுவிடுவது அவர்கள் வழக்கம். 1806ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி கப்டன் வில்லியம் கிளாக் என்பார் மேற்கிலிருந்து மலைகடந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கியபோது, உடன்வந்த ஷொஷோனி குலப்பெண் சக்ககவேயா இவ்வெளியைத் தான் நன்கு அறிவதாகக் கூறி, அப்பால் எந்த மலையிடுக்கால் வழி செல்லும் என்பதையும் சுட்டிக்காட்டினாள். மறுநாள் இன்று ஜாக்சன் எனப்படும் ஊருக்கருகே கிளாக் ஒரு வெந்நீரூற்றைக் கண்டு, அதிலே இறைச்சித் துண்டொன்றை இட்டுப் பார்த்தார். அது 25 நிமிடத்தில் நன்றாக வெந்துவிட்டதென்று எழுதிவைத்துள்ளார். அதற்கு முந்திய 1805ஆம் ஆண்டிலே அவரும் மெரிவெதர் லூயிசும் ஜெபர்சன் ஆற்றின் கிளைகளுக்கு, சனாதிபதி ஜெபர்சனின் நற்குணங்களாக மெய்யியல், ஈகை, ஞானம் என்று பெயரிட்டிருந்தனர். ஞானம் என்று பெயர்பெற்றது இந்த ஆறே. பின்வந்தோர் ஞானத்தை நீக்கிப் பெருங்குழியை வைத்துக்கொண்டனர்! பள்ளத்தாக்கின் நடுவிலுள்ள சிற்றூர் ஒன்று மட்டும் விஸ்டம் என்று அப்பழைய பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

அடுத்து வந்தோர் உரோமத்துக்காகப் பீவரை வேட்டையாடியோர். அலெக்சாந்தர் றொஸ் என்பார் தலைமையில் வந்த ஹட்சன் குடாக் கம்பெனிக் கூட்டம், மலையடியிலே பனியால் ஒருமாதமளவு தடைப்பட்டு, 1824ஆம் ஆண்டு இளவேனிலில் இப்பள்ளத்தாக்கைக் கடந்தது. பீவர் வேட்டை வணிகக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. மண்ணின் கதையிலும் அதற்கு இடமுண்டு. பீவர் சிற்றாறுகளை மறித்துக் கட்டும் அணைகளின் பின்னே நீர் தேங்கும். பரலடுக்குள் நீர்மட்டம் உயரும். விரைந்தோடியிருப்பின் அடித்துச் செல்லப்பட்டிருக்கக்கூடிய நுண்வண்டல், தேங்கிய நீரிலே படிந்து கல்லை மூடும். பீவரைத் தொகையாகக் கொன்ற இடங்களிலே, அணைகள் பழுதுபார்ப்பாரின்றி உடைந்தன. உரோமத் தொப்பிக்கு ஐரோப்பாவில் இருந்த மோகம், கண்டத்தின் நடுவிலே வெள்ளப்படுகைகளின் ஈரத்தைக் குறைத்தது என்றால் எவர் நம்புவர்?

1877ஆம் ஆண்டு நிகழ்ந்தது துயரம் மிக்கது. நெஸ் பேர்ஸ் குலத்தவரின் நிலத்தை 1863ஆம் ஆண்டு உடன்படிக்கை பெரிதும் சுருக்கிற்று. அதனை ஏற்காத கூட்டத்தாரை, ஒதுக்கிய எல்லைக்குள் செல்லுமாறு படையதிகாரிகள் வற்புறுத்தவே போர் மூண்டது. ஏறத்தாழ 800 பேர், அவர்களுட் பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும், குதிரைக்கூட்டத்தோடு மலைகடந்து கிழக்கே வந்தனர். தொடர்ந்துவந்த படை பல நாட் பயணத் தொலைவில் இருந்தமையால், பிக் ஹோல் ஆற்றின் வடகிளைக் கரையிலே தங்கி இளைப்பாறலாம் என்று தலைவர்கள் எண்ணினர். குதிரைகள் மெலிந்திருந்தன, கரையிலே புல் செழித்திருந்தது. கூடாரத்துக்கு வேண்டிய கழிகள் அயலிலுள்ள ஊசியிலைக் காட்டிலே கிடைத்தன. நிலம் தந்த நன்மைகளே அவர்களை அங்கே நிறுத்தின. ஆனால் வேறொரு படை, கேணல் ஜோன் கிப்பனின் தலைமையில், அருகில் வந்துவிட்டதை அவர்கள் அறிந்திலர்.

ஓகஸ்ட் 9ஆந் திகதி விடியற்காலை, படைவீரரும் தொண்டருமாக ஏறத்தாழ 180 பேர், ஆற்றோரத்துச் சதுப்பையும் வில்லோப் புதர்களையும் கடந்து, உறங்கிக்கொண்டிருந்த கூடாரங்கள்மேற் சுட்டனர். நெஸ் பேர்ஸ் வீரர் விரைவில் திரண்டெதிர்த்து, தாக்கியோரை மரச்சரிவொன்றுக்குத் துரத்தி அங்கேயே முடக்கினர். ஆயினும் அதற்குள் பெருஞ்சேதம் விளைந்துவிட்டது. நெஸ் பேர்ஸ் பக்கத்தில் இறந்தோர் தொகை 60 முதல் 90 வரை என மதிக்கப்படுகின்றது; அவர்களிற் பலர் பெண்டிரும் பிள்ளைகளுமாவர். படைத்தரப்பில் 29 பேர் மாண்டனர். எஞ்சியோர் இறந்தோரை விரைந்து புதைத்துவிட்டு ஓடினர். கனடா எல்லைக்கு ஏறக்குறைய 40 மைல் இருக்கையில், ஒக்டோபர் 5ஆந் திகதி தலைவர் ஜோசப் சரணடைந்தார். அந்தப் போர்க்களம் விஸ்டம் ஊருக்கு மேற்கே தேசிய நினைவிடமாகப் பேணப்படுகின்றது. அவர்கள் அன்று புகுந்த புதர்க்கரையிலே வில்லோக்கள் இன்றும் நிற்கின்றன.

வெள்ளையர் இப்பள்ளத்தாக்கிலே உடனே குடியேறினாரல்லர். 1862ஆம் ஆண்டு மலைக்கப்பால் பனக் என்னுமிடத்திலே பொன் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தனர். அவர்களுக்கு இறைச்சி வேண்டியிருந்தது, மாடுகள் வந்தன. ஆயினும் பிக் ஹோலின் மாரியை அஞ்சி, கோடையில் மேய்த்துவிட்டு இறங்கிவிடுவதே முதலில் வழக்கமாயிருந்தது. நிலையான குடியிருப்புகள் 1880களிலேயே தோன்றலாயின. அந்தப் பத்தாண்டிலேதான் மொன்ரானாவின் மாட்டுத் தொழிலுக்குப் பேரிடியும் விழுந்தது. 1886ஆம் ஆண்டுக் கோடை வறண்டது. மேய்ச்சல் நிலங்களோ அளவுக்கு மிஞ்சிய மாடுகளால் மொட்டையாகியிருந்தன. தொடர்ந்த மாரியிலே பனி விழுந்து, சற்றே உருகி, மீண்டும் உறைந்து இரும்புப் பலகைபோல நிலத்தை மூடிற்று. 1887 சனவரியிற் கடும் பனிப்புயல்கள் வீசின. மாடுகள் பனியைக் கிளறிப் புல்லை எட்டமுடியாமற் கூட்டங்கூட்டமாக மடிந்தன. திறந்தவெளியில் விட்ட மாடு தன் மாரியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் அவற்றோடு மடிந்தது.

இனி மாடு வளர்ப்பவன் மாரிக்கு உணவு சேர்த்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, பிக் ஹோலின் பரல்மண்ணுக்கு ஒரு மதிப்பு வந்தது. ஆற்றிலிருந்து சிறு வாய்க்கால்களை வெட்டி, உருகுநீரைப் புல்வெளியிலே பாயவிட்டால், புல் இடுப்பளவு வளர்ந்தது. ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். யூலைக் கடைசியிலும் ஓகஸ்டிலும் அறுத்து உலர்த்துவர். ஒரு பசுவுக்கு ஒரு மாரியில் ஏறக்குறைய இரண்டு தொன் உலர்புல் வேண்டும் என்று கணக்கிட்டால், சில நூறு பசு வைத்திருப்பவன் ஆறேழு வாரத்துள் எத்தனை மலை புல்லைக் குவிக்கவேண்டுமென்பது விளங்கும். பதினாயிரம் வைக்கோற்போர்களின் பள்ளத்தாக்கு என்று இவ்விடத்துக்குப் பட்டப்பெயர் வந்தது.

குவிப்பதற்கு ஒரு பொறியும் பிறந்தது. இப்பள்ளத்தாக்கினரான ஹேர்பேட் ஆமிற்றேஜ், டேவிட் ஸ்ரீவன்ஸ் என்னும் இருவர் 1910ஆம் ஆண்டு அதற்கு ஆக்கவுரிமை பெற்றனர். பீவர்ஹெட் மாவட்டத்தின் பெயரால் அது பின்னர் பீவர்சிலைட் எனச் சுருங்கிற்று. நீண்ட ஊசியிலை மரக்கழிகளைச் சாய்த்துக் கட்டிய 30 அடியளவான ஒரு சரிவு. அதன் அடியிலே கூடைபோன்ற ஒரு தட்டு. சீப்புவண்டி வாரிக்கொண்டுவரும் புல்லைத் தட்டிலே தள்ளுவர். மறுபுறத்திலே குதிரைகள் கம்பிவடத்தை இழுக்க, தட்டுச் சரிவேறி உச்சியிலே புல்லைக் கவிழ்க்கும். இவ்வளவுதான் அதன் சூழ்ச்சி. இரும்பு கொஞ்சம், மரம் மிகுதி, பழுதாயின் காட்டிலேயே மாற்றுக்கழி. பாணின் வடிவிலே நெடிதாக அமையும் அப்போர், குளிரும் வறட்சியும் காரணமாகப் பல ஆண்டு கெடாது நிற்கும். புதிய எந்திரங்கள் உருளையாகப் புல்லைச் சுருட்டிக்கொடுக்கும் இக்காலத்திலும், பழைய சரிவுப்பொறியை விடாத பண்ணைகள் அங்கே உள்ளன. அதனை வெறும் பழைமைப் பற்றென்று தள்ளுவது முறையன்று; செலவுக் கணக்குத் தெரிந்தவர்களே அதனை வைத்திருக்கின்றனர்.

மொன்ரானாவின் கிழக்குச் சமவெளியிலே நடந்தது வேறு. 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடிக்கு 320 ஏக்கர் வரை வழங்கிற்று. குடியேறியோர் புற்றரையைப் புரட்டிக் கோதுமை விதைத்தனர். 1917க்குப் பின் மழை பொய்த்தபோது மண் காற்றிலே பறந்தது, பல்லாயிரவர் வெளியேறினர். பிக் ஹோலிலோ, உறைபனியும் கல்லும் ஏரை அருகணையவிடவில்லை. எனவே பல இடங்களில் அந்தக் கரிய மேல்மண் உழவு காணாமலே இருந்துவிட்டது. ஏழ்மை என்று எண்ணப்பட்ட குணமே காவலாயிற்று.

மண்ணை அறியும் கலையிலும் இதற்கிடையே பெருமாற்றம் நிகழ்ந்தது. அமெரிக்க அரசு 1899ஆம் ஆண்டில் மண் அளவையைத் தொடங்கியபோது, மண் என்பது நொறுங்கிய பாறையே என்ற எண்ணம் வலுத்திருந்தது. உருசிய அறிஞர் டொக்குச்சாயெவ் 1883ஆம் ஆண்டில் கருமண்ணைப்பற்றி எழுதிய நூலிலே, காலநிலை, மூலப்பாறை, உயிர்கள், நிலத்தின் ஏற்றத்தாழ்வு, காலம் ஆகியவை கூடிப் பிறப்பிக்கும் தனிப்பொருளே மண் என நிறுவியிருந்தார். அவர் மாணாக்கர் கிளிங்காவின் நூலைக் கேட்டிஸ் மாபட் என்பார் ஜெர்மன் மொழிவழியாக ஆங்கிலத்தில் ஆக்கி 1927இல் வெளியிடவே, அக்கருத்து அமெரிக்காவில் வேரூன்றிற்று. 1975ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க மண் வகைப்பாடு, இத்தகைய குளிர்ந்த ஈரப்புல்வெளி மண்களுக்குக் கிறயாக்குவோல் என்று பெயரிடுகின்றது. கரடுமுரடான சொல்தான், ஆயின் உடைத்துப் பார்த்தால் இனிக்கும். கிறை என்பது கிரேக்கத்தில் குளிர். ஆக்குவா என்பது இலத்தீனில் நீர். ஓல் என்பது மென்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வால். ஒன்றரை அடிக்குச் சற்றுக் கீழே மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் பரனைற்று 32 பாகைக்கும் 47 பாகைக்கும் இடையில் நிற்பது குளிர்மண்ணின் அடையாளங்களுள் ஒன்று. சக்ககவேயாவின் மக்கள் கிழங்குக்கோலாற் கண்டறிந்ததை நூலோர் மூன்று அசையில் அடக்கினர்.

இம்மண் இன்று ஒரு வழக்கிலே சிக்கியிருக்கின்றது. பிக் ஹோல் ஆற்றிலே ஆக்டிக் கிறேலிங் என்னும் மீன் வாழ்கின்றது. பாய்மரம்போல் உயர்ந்த முதுகுச்செட்டை உடையது, குளிர்ந்த நீரையே நாடுவது. மேல் மிசூரியின் ஆறுகளில் ஒருகாலத்திற் பரவியிருந்த இதன் ஆற்றுக்குடி, அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவிலே இயல்பாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் இங்கேதான். மொன்ரானாவின் சட்டப்படி முதலில் நீரெடுத்தவனுக்கே முதலுரிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால்களுக்கு அவ்வுரிமை உண்டு. 1988ஆம் ஆண்டின் கொடும் வறட்சியில், விஸ்டம் அருகே ஆற்றின் ஓட்டமே நின்றது.

பண்ணைக்காரர் நீரை வீணாக்குகின்றனர் என்று ஒருபக்கம் குற்றஞ்சாட்டுவது எளிது. ஆனால் பரல்மண்ணின் கணக்கு அத்துணை எளிதன்று. புல்வெளியிலே பாய்ச்சிய நீரிற் பெரும்பங்கைப் புல் பருகுவதில்லை. அது பரலுக்குள் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி, நாளடைவிலே குளிர்ந்த நீராக ஆற்றுக்கே திரும்புகின்றது. சிக்கனம் கருதித் தெளிப்புக்குழாய்களைப் பூட்டினால், எடுக்கும் நீர் குறையும். திரும்பும் நீரும் குறையும். மறுபுறம், மே மாதத்தில் இறக்கிய நீர் ஓகஸ்ட் வரை பரலிலே காத்திருக்கும் என்று நம்புவதும் தவறு. கல்லிடுக்கிலே நீர் விரைந்தோடும், மீனுக்கு வேண்டிய வேளையில் அது முன்னரே போயிருக்கவுங்கூடும். எந்த வயலின் நீர் எப்போது, எவ்விடத்தில் ஆற்றை அடைகின்றது என்பதே வழக்கின் உயிர்நிலை.

1995ஆம் ஆண்டு பண்ணைக்காரர், மீன்பிடிப்போர், ஊரவர் ஆகியோர் கூடி ஆற்றுப்படுகைக் குழுவொன்றை அமைத்தனர். 2006ஆம் ஆண்டு தொடங்கிய உடன்படிக்கையிலே முப்பதுக்கு மேற்பட்ட நில உரிமையாளர் சேர்ந்தனர். கோடைக்கடைசியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதற்காகவே வாய்க்காலைத் திறந்துவைத்தவர்களுக்குக் கிணறுகள் அமைந்தன. மீன் ஏறிச்செல்லத் தடுப்புகளிலே படிகள் பொருத்தப்பட்டன. வில்லோக் கரைகளுக்கு வேலி இடப்பட்டது. மத்திய அரசின் மீன், வனவிலங்குத் திணைக்களம் இம்முயற்சிகளைச் சுட்டி, மீனை அருகிவரும் இனப்பட்டியலிற் சேர்க்கவேண்டியதில்லை என்று 2014இலும் 2020இலும் முடிவுசெய்தது. 2024ஆம் ஆண்டிலே நீதிமன்றம் அம்முடிவை மீள ஆராயுமாறு பணித்தது.

விஸ்டம் ஊரிலே ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. கோடையில் அங்கே பதியப்படும் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கினால், உடன்படிக்கையிற் சேர்ந்தோர் தத்தம் வாய்க்காற் கதவுகளைத் தாழ்த்துகின்றனர். அப்போது புல்வெளிகளிலே அறுவடை நடந்துகொண்டிருக்கும். கரிய மேல்மண் காய்ந்து, சீப்புவண்டிகளைத் தாங்குமளவுக்கு இறுகியிருக்கும்.